பழைய இன்னோவா: வீட்டு வாசலில் பழுது பார்ப்பதா, பட்டறைக்கு விடுவதா?

டெல்டா மாவட்டங்களில் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் கல்யாணத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நவக்கிரகக் கோயில்களுக்கும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய வண்டி என்றால், அது பெரும்பாலும் பழைய இன்னோவாவாகத்தான் இருக்கும். 2005-இல் குவாலிஸின் இடத்துக்கு வந்து, 2016-இல் கிரிஸ்டா வரும்வரை விற்பனையில் இருந்த அந்த முதல் தலைமுறை வண்டியின் 2,494 சிசி டீசல் எஞ்சின் எளிதில் ஓய்வதில்லை. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டிகளும் அலுமினிய ரேடியேட்டரும்தான் முதலில் ஓய்கின்றன. அந்த வயதை எட்டிய வண்டியைக் கம்பெனி சர்வீசுக்கே தொடர்ந்து விடுவதா, ஊர்ப் பட்டறையில் கொடுப்பதா, கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா என்ற கேள்வி எங்களுக்கும் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வாசலில் நிற்பது 2009-ஆம் ஆண்டு வண்டி. சில வேலைகள் நீங்கலாக மற்றவற்றை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்துவிட்டதால், கீழே வரும் அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி சர்வீசைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அசல் உதிரிபாகம் கிடைக்கும், எழுத்தில் கணக்கு கிடைக்கும், கம்ப்யூட்டரில் பிழைக் குறியீட்டைப் படித்துச் சொல்வார்கள். ஆனால் பதினைந்து வயது வண்டிக்கு அவர்கள் ஒரு பாகத்தைப் பழுது பார்ப்பதைவிட அந்தத் தொகுப்பையே மாற்றச் சொல்வதுதான் வழக்கம். அந்தத் தொகையை நான்கைந்து முறை கொடுத்தால் வண்டியின் இன்றைய விலையில் பாதி வந்துவிடும்.

ஊர்ப் பட்டறை அப்படியல்ல. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இந்த எஞ்சினைப் பலமுறை பிரித்துக் கோத்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கியர் பாக்ஸின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். கூலியும் நியாயமாகவே இருக்கும். மஞ்சள் போர்டு வண்டி வைத்திருப்பவருக்கு நான் பட்டறையைத்தான் சொல்வேன். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்குக் காட்டும் நாளில் எல்லாம் ஒருசேரச் சரியாக இருக்கவும் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் வெள்ளை போர்டு வண்டிக்கு அந்த அவசரம் கிடையாது. ஒரு ஹோஸ் வர இரண்டு நாள் ஆனால் இரண்டு நாள் நிற்கட்டும் என்று விட்டுவிட முடியும்.

கூலி மிச்சம், உதிரிபாகத்தை நாமே பார்த்து வாங்கலாம் என்பதெல்லாம் வீட்டு வேலைக்குச் சாதகமாக எல்லோரும் சொல்வதுதான், அவை உண்மையும்கூட. ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது அவை அல்ல. அதிகம் ஓடிய எஞ்சினைச் சாகடிப்பது பெரும்பாலும் சூடு. அந்தச் சூட்டுக்கான காரணங்களில் பல எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. பட்டறைக்கு வரும் வண்டியோ ஓட்டிக்கொண்டு வரப்படுவதால் எப்போதும் சூடாகவே வருகிறது.

இது சின்ன வேறுபாடு போலத் தோன்றும். எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலன்ட் சூடானால் விரிவடைந்து ரிசர்வ் டேங்கில் மட்டம் ஏறும். ஆறிய நிலையில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருக்கும் வண்டி, பட்டறையில் பானெட்டைத் திறக்கும்போது இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சமர்த்தாகக் காட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் முகத்தில் அடிக்கும் என்பதால், ஆறும்வரை காத்திருக்க நேரமில்லாத மெக்கானிக் டேங்கை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதில் தவறு சொல்வதற்கில்லை. அது மட்டுமல்ல, தளர்ந்துபோன கிளாம்பு உள்ள ஹோஸ் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கசிந்து, சூடேறி ரப்பர் விரிந்ததும் தானாகவே அடைத்துக்கொள்வதும் உண்டு. அந்தக் கசிவைக் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று பார்ப்பவர் மட்டுமே பார்க்க முடியும்.

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஹோஸ் நுழையும் வாயில் கிளாம்பை ஒட்டி இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால், அங்கே கூலன்ட் கசிந்து காய்ந்திருக்கிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையிலிருந்து கீழே கோடு இறங்கியிருந்தால் பம்பின் சீல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், முழுதாகப் போவதற்குள் மாற்றிவிடலாம். மேல் ஹோஸை விரலால் அழுத்தினால் பழைய ரப்பர் மொறமொறவென்று உள்ளே நொறுங்குவது கைக்குத் தெரியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து அதன் ரப்பர் வளையத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீர் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது 125 டிகிரிக்கு மேல் போனாலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால், ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்து இடையிலுள்ள கேஸ்கட் போகும். பிறகு லேத்துக்கு அனுப்பி மட்டம் பிடித்து மாட்டும் வேலை பல ஆயிரங்களை விழுங்கிவிடும்.

எங்கள் பக்கத்துக்கு மட்டுமான ஒரு சங்கடமும் இதில் சேர்ந்துகொள்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் வட்டாரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குடிப்பதற்கே கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரவேண்டியிருக்கிறது. அந்தப் போர் தண்ணீரைத்தான் பலரும் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள், பட்டறைகளிலும் ஊற்றுகிறார்கள். கடின நீரிலுள்ள சுண்ணாம்பு, சூடான இடங்களில் படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. உப்பு அலுமினியத்தைப் பொத்தல் போடுகிறது. டீக்கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தவர்களுக்கு, எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. நான் ஒருமுறை வண்டியைக் கொடுத்திருந்த பட்டறையில், கூலன்ட் மாற்றியதாகப் பில் போட்டுவிட்டு, சாயம் கரைத்தது போலிருந்த பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். அடுத்த முறை அதை இறக்கியபோது அடியில் துருவும் மண்ணும் கலந்த குழம்பு வந்தது.

வீட்டில் இதை நிதானமாகச் செய்யலாம். எஞ்சின் முழுக்க ஆறியபின் ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஹோஸ்கள் இரண்டும் சுடும்வரை, அதாவது எஞ்சின் சூடேறியபின் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும்வரை ஓட்ட வேண்டும். பிறகு மறுபடி ஆறவிட்டு வடிக்க வேண்டும். வருவது தெளியும்வரை இதையே திரும்பச் செய்து, கடைசியில் புது கூலன்டை நிரப்ப வேண்டும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போய்விடும். வேலை செய்யும் நேரத்தைவிட ஆறக் காத்திருக்கும் நேரமே அதிகம். பட்டறையில் ஒருமுறை வடித்து ஒருமுறை நிரப்பினால் பிளாக்குக்குள் தேங்கியிருக்கும் பழையது அப்படியே நிற்கும். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுவதும் ஒரு வண்டியை நிறுத்திவைக்க இடமில்லை, அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட் விஷயத்திலும் எனக்குப் பட்டறையோடு உடன்பாடில்லை. “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு அண்ணே, எடுத்துப் போட்டுடலாம்” என்பது எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணமாகக் கேட்கும் யோசனை. அதைக் கழற்றினால் சூட்டைக் காட்டும் முள் கீழே இறங்குவது போலத் தெரியும், ஓட்டுபவருக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடிக்கொண்டிருந்தால் டீசல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே அடைக்கும்படி அமைந்த எஞ்சின்களில், அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிவந்து, உண்மையான வெயிலில் சூடு ஏறத்தான் செய்யும். அடைந்த ரேடியேட்டரை மறைக்கும் வேலைதான் இது. அறுவடை நேரத்தில் சாலை நெடுக நெல் காயும்போது, ஏசியைப் போட்டுக்கொண்டு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்து போகையில் மட்டும் முள் ஏறுகிறது என்றால், தெர்மோஸ்டாட்டைத் தொடுவதற்கு முன் ரேடியேட்டருக்குக் காற்றிழுக்கும் முன்பக்கத்து விஸ்கஸ் ஃபேனைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் தள்ளிப் பார்த்தால் கனமாக எதிர்க்க வேண்டும். தட்டியதும் தடையின்றிச் சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிகோன் எண்ணெய் போய்விட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு வீட்டு வேலையின் தொல்லைகளைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. டெல்டாவின் வண்டல் மண்ணில் ஜாக்கி நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வாசல் காய்ந்தது போலத் தெரிந்தாலும் ஒன்றரை டன்னுக்கும் மேலான வண்டியைத் தூக்கும்போது ஜாக்கி மெல்லச் சரியும். சிமென்ட் தளம் இல்லாதவர்கள் கனமான பலகையை அடியில் போட்டு, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் இறக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் தலையை நீட்ட வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சு ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, நல்ல ஸ்பேனர் செட் ஒன்று என்று ஆரம்பச் செலவும் உண்டு. அந்தச் செலவு திரும்பி வர ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும்.

வீட்டில் செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசலைக் கொடுக்கும் காமன் ரெயில் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். அதில் வரும் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு ஆபத்தானது. இன்ஜெக்டரைச் சோதிக்க பெஞ்சு வேண்டும், அதற்குத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்புவதே சரி. ஏசி கேஸ் வேலையும் அப்படித்தான். டைமிங் பெல்ட்டையும் கிளட்ச்சையும் நான் பட்டறையில்தான் மாற்றினேன் என்பதால், வீட்டில் அவை எவ்வளவு சிரமம் என்று என் அனுபவத்திலிருந்து பேச முடியாது. பிரேக் பேடு மாற்றுவது எளிது. ஆனால் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்த அனுபவம் எனக்கு இல்லை, இல்லாதவர் அதில் கைவைக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு விற்றுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னோவாவுக்குப் பழைய வண்டிச் சந்தையில் இன்றும் மதிப்பு இருக்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்கும் கட்டத்தில் வாங்குபவர் அதைச் சொல்லியே விலையை அடிப்பார். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. பசுமை வரியும் வண்டியைத் தகுதிநிலைக்குக் கொண்டுவரும் செலவும் தனி. புதுப்பித்து அடுத்த ஐந்து ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விற்பது, புதுப்பிக்காமல் விற்பதைவிட மேல் என்றே எனக்குப் படுகிறது. நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். விற்றே ஆகவேண்டிய நிலை ஒன்று உண்டு. கடற்கரையோரம் நின்ற வண்டிகளில் சேசிஸ் சட்டத்தின் பின்பகுதி உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டாலோ பொருக்குப் பொருக்காக உதிர்ந்தாலோ, எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேற்கொண்டு செலவு செய்யக் கூடாது.

வீட்டில் கூலன்ட் மாற்ற நினைப்பவர்கள் வடித்ததை என்ன செய்வது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றுக்குட்டியும் நக்கிவிடும். அது கொடிய விஷம். வாய்க்காலில் ஊற்றவே கூடாது, அது யாருடைய நாற்றங்காலுக்கோ போய்ச் சேரும். நான் மூடியுள்ள கேனில் பிடித்து, எஞ்சின் ஆயில் கழிவோடு சேர்க்காமல் தனியாக வைத்திருந்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுகிறேன். எல்லாப் பட்டறைகளும் கூலன்டை வாங்கிக்கொள்வதில்லை என்பதால், வடிப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.