பத்து நிமிடத்தில் முடிந்த ட்ரோன் சர்வே: 28,000 ரூபாயும் ஒரு காய்ந்த குட்டையும்

ஏக்கருக்கு இவ்வளவு, ட்ரோன் பறக்கவிட்டு மட்டம் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. அவர்களோடு பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு, இதே வேலையை இதே லட்சணத்தில் செய்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

தூத்துக்குடி பக்கம் எங்களுக்கு 40 ஏக்கர் கரிசல், மானாவாரி. வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். அதில் ஒரு பண்ணைக்குட்டை வெட்ட ஆசை. கரிசல் பார்வைக்குப் பலகை போட்ட மாதிரி சமமாகத்தான் கிடக்கும். மழை இறங்கினால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. நான் இருபது வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவன். சரி, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் கான்டூர் வரைபடத்தை, கால் மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு வீதம் வாங்கிவிடலாம் என்று 28,000 ரூபாய்க்குப் பேசினேன்.

ஆனி மாதம் ஒரு காலையில் இரண்டு பையன்கள் வந்தார்கள். தரையில் சுண்ணாம்பால் குறி போட்டு, அதை டிஜிபிஎஸ் (சென்டிமீட்டர் கணக்கில் இடம் சொல்லும் ஜிபிஎஸ் கருவி) வைத்து அளப்பார்கள் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். கேட்டேன். “இது ஆர்டிகே ட்ரோன் சார், குறியெல்லாம் பழைய காலம்” என்றான் ஒருவன். பறக்கும்போதே ஜிபிஎஸ் திருத்தம் வாங்கி, தான் இருக்கும் இடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் பதியும் ட்ரோனாம். ரிமோட் திரையில் என் நிலத்தைச் சுற்றி விரலால் ஒரு பெட்டி இழுத்தான். உயரம் 120 மீட்டர் என்று வைத்தான். பட்டனை அமுக்கினான். திட்டம் போட்டது அவ்வளவுதான். டீ வாங்கப் போன ஆள் திரும்பி வருவதற்குள் ட்ரோன் இறங்கிவிட்டது. பத்து நிமிடம்கூட இல்லை. வேகமாக வேலை பார்க்கிறார்களே என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரத்தில் வரைபடம் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. உயரங்களை வாசித்தால் மைனஸ் 64, மைனஸ் 65. பக்கத்துக் காட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, கடலுக்கு அடியிலயா வெள்ளாமை பண்ணப் போறீக?” என்றார். காரணம் பின்னால்தான் புரிந்தது. செயற்கைக்கோள் சொல்லும் உயரம் பூமியின் கணக்கு வடிவத்திலிருந்து அளந்தது. நம் பக்கம் கடல்மட்டமே அந்தக் கணக்குப் பரப்புக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. அதைச் சரிசெய்துதான் வரைபடம் போட வேண்டும். இவர்கள் செய்யவில்லை. போன் செய்ததும் எல்லா எண்ணிலும் 92 கூட்டி, “சாஃப்ட்வேர் மிஸ்டேக் சார்” என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள்.

வடமேற்கு மூலையில் ஒரு குன்று காட்டியது. அங்கே குன்று கிடையாது, சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. படத்தை வைத்துப் போடும் மட்டம் மரத்தின் தலையைத்தான் பார்க்கும், அடியில் இருக்கும் மண்ணைப் பார்க்காது. அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நிலத்தின் நடுவில் பள்ளம் என்று வரைபடம் சொன்னதால் ஆவணியில் பொக்லைன் வைத்து மூன்று நாள் அங்கேயே வெட்டினோம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. குட்டையில் மேலிருந்து நேராக விழுந்த தண்ணீரைத் தவிர ஒரு சொட்டு வந்து சேரவில்லை. முழுக்கத் தென்கிழக்கு மூலையில் போய் முழங்கால் அளவு நின்றது. பழைய சர்வேயர் ஒருவரைக் கூப்பிட்டு டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) வைத்துப் பார்த்தோம். அந்த மூலையைவிட நடு நிலம் 40 சென்டிமீட்டர் மேடு. வரைபடத்திலோ 45 சென்டிமீட்டர் பள்ளம்!

அக்கா மகன் இந்தப் படிப்புதான் படிக்கிறான். “மாமா, மேப்பை விடுங்க, ட்ரோன் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்க” என்றான். நான்கு முறை போன் செய்த பிறகு கொடுத்தார்கள். 40 ஏக்கருக்கு மொத்தம் 58 படங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்த இடத்தில், எந்த உயரத்தில் எடுத்தது என்று எழுதியிருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் கணக்குப் போட்டான். அந்த கேமராவில் 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் 150க்கு 100 மீட்டர் நிலம் விழும். 120 மீட்டரில் 180க்கு 120. பறந்த கோடுகளுக்கு நடுவே 90 மீட்டர் இடைவெளி, அதாவது பக்கத்துப் படத்தோடு பாதிதான் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கிறது. மட்டம் எடுக்க வேண்டுமானால் பக்கவாட்டில் 70, முன்பின்னாக 80 சதவீதமாவது விழ வேண்டுமாம். 60 மீட்டர் உயரத்தில் அப்படிப் பறந்திருந்தால் 27 மீட்டருக்கு ஒரு கோடு, 12 மீட்டருக்கு ஒரு படம் என்று 500 படத்துக்கு மேல் வந்திருக்கும், இரண்டு பேட்டரி ஆகியிருக்கும்.

அடுத்ததுதான் எனக்கு வயிறெரிந்தது. அந்த ட்ரோன் ஒவ்வொரு படத்திலும் ஆர்டிகே ஃப்ளாக் என்று ஒரு எண் பதியும். திருத்தம் சரியாகக் கிடைத்தால் 50. 16 என்றால் சாதாரண ஜிபிஎஸ், மீட்டர் கணக்கில் பிசகும். என் 58 படத்திலும் 16. ஆர்டிகே ட்ரோன் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் திருத்தம் அனுப்பும் பேஸ் ஸ்டேஷன் என்ற தரைக் கருவியோடும் இணைக்கவில்லை, திருத்தம் தரும் நெட்வொர்க்கோடும் இணைக்கவில்லை, சும்மா பறக்கவிட்டிருக்கிறார்கள். தரையில் குறி இல்லை, எல்லாக் கோடும் ஒரே திசை, கேமரா நேர்கீழே. இந்த மாதிரி எடுத்தால் லென்ஸின் வளைவை சாஃப்ட்வேர் தப்பாகக் கணித்து, மொத்த நிலத்தையும் சோற்றுத்தட்டு போல வளைத்துவிடும். நான் குட்டை வெட்டியது அந்தத் தட்டின் நடுப் பள்ளத்தில்.

சட்டம் வேறு இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் போகக்கூடாது. அது 60 மீட்டர். இவர்கள் என் தலைக்கு மேல் 400 அடியில் பறக்கவிட்டார்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் நம் நிலம் ட்ரோனுக்கு எந்த மண்டலம் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் பார்க்கவில்லை. கூலிக்குப் பறக்கவிடும் பையனுக்கு பைலட் சான்றிதழ் இருக்கிறதா, ட்ரோனுக்குப் பதிவு எண் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை.

வேறு யாராவது வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் எவ்வளவு உயரம், படங்கள் எத்தனை சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று விழும் (ஓவர்லேப்), எத்தனை படம், எத்தனை குறி என்று பறப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். ஐந்தாறு குறிகளைத் தனியாக அளந்து வைத்துக்கொண்டு, அவர்கள் வரைபடத்தோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அசல் படங்கள் நம் கைக்கு வரவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கம்பெனிக்காரர் முதலில் “நீங்க கேட்டது கான்டூர் மேப், குடுத்துட்டோம்” என்றார். ஃப்ளாக் 16 என்று சொன்னதும் குரல் இறங்கி, இலவசமாக இன்னொரு தடவை பறக்கவிடுகிறோம் என்றார். பறக்கும் திட்டத்தை முதலில் அனுப்புங்கள் என்று மருமகன் மெயில் போட்டான். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. குட்டைக்குள் பக்கத்துக் காட்டு ஆடுகள் இறங்கி மேய்கின்றன. தென்கிழக்கு மூலையில் கார்த்திகை பிறந்தும் தண்ணீர் நிற்கிறது.