மன்னவனூர் ஏரிக்கு ஒரே பையோடு நான்கு வருடம்

2021 ஜனவரியில் இந்த முதுகுப்பையை வாங்கினேன். 45 லிட்டர், காலியாக ஒன்றரைக் கிலோ, விலை 4,200 ரூபாய். அதற்கப்புறம் பதினொரு முறை தனியாகக் கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடருக்குப் போயிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே வழிதான்: வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ், அங்கே மாறிப் பூம்பாறை, அங்கிருந்து மன்னவனூர் ஏரி வரை சாலையோரமாக நடை. அரசு பஸ்ஸில் போவதால், கொடைக்கானல் வருகிற வண்டிகளுக்கு என்று 2024 மே மாதம் வந்த இ-பாஸும் தேவைப்படவில்லை. வாங்கின வாரமே எழுதுகிற விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. நான்கு மழைக்காலம் நனைந்த பை எப்படி இருக்கும் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் இது.

இடுப்புப் பட்டைக்காகவே இந்தப் பையை எனக்குப் பிடிக்கும். முதல் பயணத்தில் அதை வயிற்றின் மேல் கட்டியிருந்தேன்; பூம்பாறை தாண்டுவதற்குள் தோள் கன்றிவிட்டது. பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரைக்கும் அளந்தால் உங்கள் முதுகு நீளம் தெரியும். எனக்கு 41 சென்டிமீட்டர். பெரும்பாலான பைகள் ஆண்களின் முதுகுக்குத் தைத்தவை, என் போன்ற பெண்களுக்குப் பட்டை தொடைப் பக்கம் இறங்கிவிடும். இதில் முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சரியாகக் கட்டிய நாளிலிருந்து ஏழு கிலோவும் இடுப்பில்தான் நிற்கிறது.

மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். 2022 நவம்பரில் பூம்பாறைப் பூண்டு வயல்களைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. உறையை மாட்டி நடந்தேன். மழைக்குத் தலையில் கவிழ்க்கிற கொங்காணி போட்டு வயலில் நின்ற ஒரு அக்கா கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏம்மா, வெளிய மூடி என்னா பண்றது? முதுகுப் பக்கமாத்தான தண்ணி எறங்குது. உள்ள சாக்கப் போட்டுக் கட்டு."

திறந்து பார்த்தால் ஸ்வெட்டர் பிழியப் பிழியத் தண்ணீர். உறை வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடுகிறது; முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடுகிற நீர் தையல் வழியாக உள்ளே போகிறது. அவரே உரச்சாக்கின் உள்பை ஒன்றைக் கழுவிக் கொடுத்தார். துணிகளை அதில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டிப் பைக்குள் வைக்கிறேன். இன்றுவரை ஒரு துணி நனைந்ததில்லை. அந்த உள்பைக்கு நான் காசு கொடுக்கவில்லை, அவர் வாங்கவும் மாட்டேன் என்றார். இப்போது ஒவ்வொரு முறையும் அவர் வயலில் நின்று பேசிவிட்டுத்தான் போகிறேன்.

பக்கவாட்டுப் பாக்கெட் தேறவில்லை. மலையில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில்தான். அந்த கனத்துக்கு வலைத்துணி இரண்டாம் வருடமே கிழிந்தது.

மூன்றாம் வருடம் பெரிய குறை தெரிந்தது. உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியது, புளித்த வாடை வேறு. நீர் புகாமலிருக்க நைலான் துணியில் பாலியூரிதேன் பூசியிருப்பார்கள். ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு சிதைந்து உரிகிறது. காயவைக்காமல் பரணில் ஏற்றியது என் தவறு. ஆனால் இந்த எச்சரிக்கை பையோடு வந்த தாளில் எங்கேயும் இல்லை, கேட்டபோது உத்தரவாதக் காலம் முடிந்தது என்று மட்டும் பதில் வந்தது. அது எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போது ஊர் திரும்பியதும் எல்லா ஜிப்பையும் திறந்து இரண்டு நாள் நிழலில் தொங்கவிடுகிறேன்.

2023 டிசம்பரில் நடுவழியில் இடுப்புப் பக்கிள் உடைந்தது. நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டே மன்னவனூர் சேர்ந்தேன். திண்டுக்கல்லில் பை தைக்கிற ஒரு அண்ணன் 60 ரூபாய்க்கு வேறு பக்கிள் வைத்துத் தந்தார், பழையதைவிட உறுதி.

கூடாரம் நான் கொண்டு போவதில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். தனியாகப் போகிறவள் அனுமதியில்லாத காட்டுப் பாதையில் கால் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஊருக்குள் அறை எடுத்துக்கொள்வேன். காட்டுமாடு சாலைக்கு வருகிற நேரம் என்பதால் நான்கு மணிக்குள் நடையை முடித்துவிடுவேன்.

ஏரி தெரிகிற புல்மேட்டில் பையை இறக்கிச் சாய்ந்து உட்காருவேன். கீழே பரிசல் சுற்றும். ஆட்டுப் பண்ணையின் பாரத் மெரினோ கம்பளி ஆடுகள் பனிமூட்டத்துக்குள் போய்ப் போய் வரும். அப்போதுதான் முதுகில் காற்றுப் படும், வேர்வை சட்டென்று குளிரும். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இத்தனை முறை போயிருக்கிறேன்.

இதே வழிக்குப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு 35 லிட்டர் போதும். நான் இதையே வைத்துக்கொள்ளப் போகிறேன். உரிந்த பூச்சைத் தேய்த்து எடுத்தாயிற்று, கிழிந்த பாக்கெட்டுக்குக் கித்தான் துணி வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வாங்க வேண்டும்.