ஏழு மில்லிமீட்டர் வெள்ளைப் பணியாரம்: பாலிமர் க்ளேயோடு ஆறு ஆண்டுகள்

அப்பத்தாவுக்குக் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் சொப்பு ஒரு செட் எங்கள் காரைக்குடி வீட்டில் இருக்கிறது. அடுப்பு, அண்டா, இட்லிப் பானை, கரண்டி என்று எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும். வெறும் பாத்திரமாகவே இருக்கிறதே, பலகாரம் செய்து வைத்தால் என்ன என்றுதான் பாலிமர் க்ளே வாங்கினேன். ஆறு ஆண்டாக அதைப் பிசைந்து, சுட்டு, கருக்கிக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

பெயரில் க்ளே இருந்தாலும் இது மண் கிடையாது. பிவிசி பொடியையும் அதை இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளையும் கலந்தது. காற்றில் காயாது, சூடு பட்டால்தான் இறுகும். பாதியில் எழுந்து போய்ச் சமைத்துவிட்டு வந்து தொடரலாம் என்பதால் வீட்டுப் பெண்களுக்கு மிகவும் வசதி. 57 கிராம் கட்டி பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும், விலையும் கூடுதல்தான். ஆனால் ஒரு பணியாரத்துக்கு மிளகு அளவு உருண்டை போதும். ஒரு கட்டியில் சில நூறு பணியாரம் சுடலாம்.

நான் எடுத்துக்கொண்டது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் ஓரடி இருப்பது இதில் ஓரங்குலம். ஒன்றரையடி வாழையிலை ஒன்றரை அங்குலமாகும், எட்டு சென்டிமீட்டர் வெள்ளைப் பணியாரம் ஏழு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும்.

அந்த வெள்ளைப் பணியாரத்தில்தான் இரண்டு வருடம் தோற்றேன். அதிரசம், சீயம், கந்தரப்பமெல்லாம் சீக்கிரம் கைக்கு வந்தன. சாக் பேஸ்டலைச் சுரண்டி, காவியும் பழுப்புமாக அந்தப் பொடியை உலர்ந்த தூரிகையில் தொட்டுத் தடவினால் எண்ணெயில் சிவந்த நிறம் அப்படியே வந்துவிடும். மேற்பரப்பின் சொரசொரப்புக்குப் பழைய பல்துலக்கியால் ஒற்றினால் போதும். வெள்ளைப் பணியாரத்துக்கு இந்தச் சிவப்பு உதவாது, அது சிவந்தாலே கெட்டுப்போனதாகத்தான் அர்த்தம். முதலில் செய்தவற்றை அப்பத்தா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை மாதிரி இருக்கு ஆத்தா. கரை எங்க?" என்று கேட்டார்கள்.

அன்று சாயங்காலமே நிஜப் பணியாரம் சுட்டுக் காட்டினார்கள். உழக்கு நிறையப் பச்சரிசி, அதன் தலையில் நிற்கிற மட்டும் கோபுரமாக உளுந்து. மாவைக் கரண்டியில் மொண்டு ஊற்றியதும் நடு உப்பி எழுந்தது, ஓரம் சின்னச் சின்னக் குமிழ்களாக விரிந்து நின்றது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் கெட்டி வெள்ளை, கரையில் லேசாக வெளிச்சம் ஊடுருவியது. நான் அதுவரை கட்டியிலிருந்த வெள்ளையை அப்படியே உருட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது இரண்டு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு ஒளி ஊடுருவும் க்ளே சேர்க்கிறேன். உருட்டித் தட்டி, அடியிலிருந்து குண்டுமுனைக் கருவியால் நடுவை மெல்லத் தள்ளி உப்பவைக்கிறேன். பிறகு ஊசிமுனையால் ஓரத்தைச் சுற்றி வெளியே இழுக்க வேண்டும், சீராக இழுத்தால் பூ மாதிரி ஆகிவிடும். ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய. கடைசியில் திரவ க்ளேயை ஊசியால் துளித்துளியாகக் கரையில் வைத்தால் அந்தக் குமிழ்கள் வந்துவிடுகின்றன.

சுடுவதில் பட்ட அடி பெரியது. ஃபீமோ என்ற பிராண்டு க்ளேயின் உறையில் 110 டிகிரி செல்சியஸ், அரை மணி நேரம் என்று இருக்கும். ஸ்கல்பி என்ற இன்னொரு பிராண்டின் பிரீமோ வகைக்கு 130. என் ஓடிஜி என்னும் சின்ன மின் அடுப்பின் திருகை 130-ல் வைத்து, நாற்பது பணியாரத்தை மஞ்சளாக்கினேன். தனியாக ஓர் அவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே 150. அடுப்பு வாங்கும் முன்பே தெர்மாமீட்டரை வாங்கிவிடுங்கள். வெள்ளையைச் சுடும்போது மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவிழ்ப்பதும் அவசியம். ரொம்பக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். இதற்குப் பயன்படுத்திய தட்டு, கத்தி எதையும் மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் மட்டும் பயப்பட வேண்டாம், திரும்பவும் முழுநேரம் சுடலாம். அரைகுறையாக விட்டால்தான் விரல் பட்டதும் உடையும்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சித்திரை, வைகாசியில் க்ளே கையில் ஒட்டும், ஏழு மில்லிமீட்டர் பணியாரத்தில் ரேகை உழவு மாதிரி பதியும். அந்த மாதங்களில் தேன்குழல் பிழிவேன். இளகிய க்ளே எக்ஸ்ட்ரூடரில், அதாவது க்ளே பிழியும் குழலில், தானாக இறங்கும், மார்கழியில் அதையே பிழிய மணிக்கட்டு வலிக்கும். ரொம்ப இளகிவிட்டால் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே ஓர் இரவு வைத்தால் அதிகப்படி எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். இருப்பு டப்பா உள்வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரையிலேயே இருக்கிறது, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். இணையத்தில் வாங்கிய ஒரு பெட்டி வரும்போதே பாதி இறுகியிருந்தது, மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து கோடையில் ஆர்டர் போடுவதில்லை.

ஆறு வருடத்தில் எது தாங்கியது? சரியாகச் சுட்டதெல்லாம் அப்படியே இருக்கிறது. நெயில் பாலிஷ் பூசிய அதிரசங்கள் சில மாதத்தில் பிசுபிசுத்து, தூசியெல்லாம் ஒட்டி வீணாயின. தண்ணீரில் கரையும் வார்னிஷ் பூசியவை இன்றும் பளபளக்கின்றன. கோழிக் குழம்புக்கு மேலே விட்ட யுவி ரெசின் (புற ஊதா விளக்கில் இறுகும் பிசின்) மஞ்சளித்தது, குழம்பென்பதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. சுடாத க்ளேயைத் தெர்மாகோலில் வைத்தால் தெர்மாகோலை அரித்துவிடும். எண்ணெய்ப்பசையில்லாத கண்ணாடித் துண்டு, பீங்கான் ஓடு இரண்டும் நல்லது.

கவுனி அரிசிதான் எனக்கு மிகவும் திருப்தி தந்தது. கருப்பும் ஊதாவும் முழுதாகக் கலக்காமல் நூலாகத் திரித்து, சுட்ட பிறகு நறுக்கினால் ஒவ்வொரு அரிசியும் ஒரு நிறம். சுட்ட வெள்ளைத் துண்டைக் கத்தியால் சீவித் தூவினால் அதுவே தேங்காய்ப்பூ.

பால் பணியாரம் மட்டும் இன்னும் வரவில்லை. வெள்ளை சேர்த்த ரெசின் பால் மாதிரியே நிற்கிறது, ஆனால் உருண்டைகள் அதில் மிதக்காமல் அடியில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. இந்த வாரம் ரெசினை இரண்டு தடவையாக விட்டு, முதல் தடவை இறுகியதும் உருண்டைகளை மேலே வைத்துப் பார்க்கப் போகிறேன்.