‘15 வயசுல காலேஜ்’ சென்டர்: பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

ரேட்டிங்: 5க்கு 2. அந்த 2ம் சனிக்கிழமை வர்ற கணக்கு சாருக்காக மட்டும்.

மதுரையில அண்ணா நகர், கே.கே.நகர் பக்கம் போனீங்கன்னா ஃப்ளெக்ஸ் பாத்திருப்பீங்க, கோட்டு போட்ட சின்னப்பையன் கழுத்துல ஸ்டெதஸ்கோப்ப மாட்டிக்கிட்டு நிப்பான், கீழ ‘உங்க குழந்தை ஜீனியஸா? 15 வயசுல காலேஜ்!’னு எழுதிருக்கும். சென்டர் பேர நான் போடல, பாத்தவங்களுக்கு தெரியும், பாக்காதவங்களுக்கு தேவையில்ல. இதே மாதிரி நாலு எடத்துல ஆரம்பிச்சிட்டாங்கன்னு கேள்வி, அதனால எல்லாத்துக்கும் சேத்துத்தான் எழுதுறேன்.

எங்க பாப்பா ஏழாவது படிக்குது. கணக்குன்னா உசுரு, அவ அண்ணன் பத்தாவது புக்க எடுத்து அதுவா போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். என் மச்சினன் தான் ‘மாமா, இத இங்க ஸ்கூல்ல போட்டு வீணாக்காதீங்க, ஒரு எட்டு போய் பாத்துட்டு வாங்க’ன்னு நம்பர் குடுத்தான்.

டெஸ்ட்டுக்கு 1500 ரூவா. ஏசி ரூம், ஆளுக்கொரு டேப்லட், மொத்தம் 30 கேள்வி. பாதி படம் பாத்து அடுத்த படம் எதுன்னு கண்டுபிடிக்கிறது, மீதி இங்கிலீஷ் வார்த்தை. பனியில சறுக்குற வண்டி படத்த போட்டு இது எதோட சேரும்னு ஒரு கேள்வி. மேலூர் தாண்டாத புள்ளைக்கு பனிய எங்கிட்டு பாக்குறது? முடிச்சு பத்து நிமிஷத்துல தங்க பார்டர் போட்ட ரிப்போர்ட் வந்திருச்சு, ‘ஐக்யூ 142, டாப் 1 சதவீதம்’னு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, வெளிய வந்து பாத்தா பக்கத்து சேர்ல உக்காந்திருந்த திருமங்கலத்துக்காரரு பையனும் டாப் 1 சதவீதம், அவருக்குப் பின்னாடி நின்ன அம்மா கையிலயும் அதே தங்க பார்டர். ஒரே நாள்ல மூணு டாப் 1 சதவீதமும் ஒரே மாடிப்படியில நிக்கிது, மதுரை மண்ணு அம்புட்டு வளம் போல.

அப்பறம் கவுன்சிலர் மேடம் ஸ்லைடு போட்டு காட்டுனாங்க. முதல் படம் டெரன்ஸ் டாவோன்னு ஒரு கணக்கு மேதை, ரெண்டாவது நம்ம ராமானுஜம். டாவோ கத நெசமாவே பெரிய கத, 9 வயசுலயே யுனிவர்சிட்டி கணக்கு க்ளாஸ்ல போய் உக்காந்தவரு, 21 வயசுல பிரின்ஸ்டன்ல டாக்டர் பட்டம், 2006ல கணக்குக்கு நோபல் மாதிரி சொல்ற ஃபீல்ட்ஸ் மெடல். ஆனா மேடம் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அவரு முழுநேர மாணவரா காலேஜ்ல சேந்தது 13, 14 வயசு வாக்குல தான், அதுவரைக்கும் கணக்குக்கு மட்டும் மேல் க்ளாஸ், மத்ததெல்லாம் ஸ்கூல்லன்னு கொஞ்சங்கொஞ்சமா தான் கூட்டிட்டுப் போனாங்க. ராமானுஜத்த எதுக்கு போட்டாங்கன்னே வெளங்கல. அவரு 1904ல கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சேந்து, கணக்கத் தவிர மத்த பாடத்துல கோட்ட விட்டு அந்த ஸ்காலர்ஷிப்பே போயிருச்சு. காலேஜுக்குள்ள தள்ளிவிட்டா போதும்னு சொல்றவங்க அவரு படத்த போடவே கூடாது.

சரி, மெயின் மேட்டருக்கு வாறேன். வருஷத்துக்கு 48,000 ஃபீஸ். என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். ஸ்கூல விட்டு நிப்பாட்டிட்டு என்ஐஓஎஸ்ல, அதான் சென்ட்ரல் கவர்மெண்ட்டோட ஓப்பன் ஸ்கூல்ல, பத்தாவது எழுதவச்சு, அப்பறம் ப்ளஸ் டூ, அப்பறம் காலேஜாம். கேக்க நல்லா இருக்கு. வீட்டுக்கு வந்து ரூல்ஸ எடுத்துப் படிச்சேன், நீங்களும் படிங்க, வெப்சைட்லயே கெடக்கு. அங்க பத்தாவது எழுத குறைஞ்சது 14 வயசு ஆகணும். பத்தாவதுக்கும் பன்னெண்டாவதுக்கும் நடுவுல ரெண்டு வருஷ இடைவெளி இருந்தாத்தான் அஞ்சு பாடமும் முடிச்ச முழு சர்டிபிகேட் தருவாங்க. ஆக 14 ப்ளஸ் 2, 16. நம்ம ஊரு ஸ்கூல்ல ஒழுங்கா படிச்சாலே 17ல ப்ளஸ் டூ முடிச்சிரும். ஸ்கூலயும் ஃப்ரெண்ட்ஸயும் விட்டுட்டு, ஒன்றரை லட்சத்துக்கு மேல கொட்டி மிச்சமாகுறது ஒரே ஒரு வருஷம்! 15 எங்கிருந்து வந்துச்சுன்னு மேடத்துட்ட ஃபோன் போட்டு கேட்டா ‘அது கேஸ் டு கேஸ் சார்’னாங்க. இதுல ஃப்ளெக்ஸ்ல ஸ்டெதஸ்கோப் வேற. நீட்டுக்கு அட்மிஷன் வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும், இது கோச்சிங் போற எந்தப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும். சீக்கிரம் ப்ளஸ் டூ முடிச்ச புள்ள டாக்டருக்குப் படிக்கணும்னா வீட்டுல உக்காந்து வயசாகுறதுக்கு காத்திருக்க வேண்டியதுதான்.

திறமையான புள்ள சீக்கிரம் காலேஜ் போறதே தப்புன்னு நான் சொல்லல, அதையும் சொல்லிர்றேன், ஏன்னா கமெண்ட்ல வந்து கும்முவீங்க. அமெரிக்காவுல இதுக்கு அம்பது வருஷத்துக்கு மேல அனுபவம் இருக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜூலியன் ஸ்டான்லின்னு ஒரு புரொஃபசரு 1971ல ஆரம்பிச்சாரு. 12, 13 வயசுப் புள்ளைகளுக்கு ஐக்யூ புதிர் குடுக்கல, காலேஜ் போற 17 வயசுக்காரங்க எழுதுற எஸ்ஏடி பேப்பரையே குடுத்தாரு. அதுல மார்க் எடுத்தவங்களத்தான் மேல தூக்கிவிட்டாங்க, அந்தப் புள்ளைகள பெரியாளாகுற வரைக்கும் விடாம பின்தொடர்ந்து பாத்ததுல, முன்னாடி போனதால மனசு கெட்டுப்போச்சுன்னு பொதுவா எதுவும் தெரியல. வாஷிங்டன் யுனிவர்சிட்டியில 1977லேருந்து சின்னப் புள்ளைகள சேக்குறாங்க, ஆனா தனியா ஒத்தப் புள்ளைய பெரிய பசங்க நடுவுல விடுறதில்ல, ஒரே வயசுல ஒரு பேட்ச்சா எடுத்து, ஒரு வருஷம் தனியா தயார் பண்ணி, எல்லாரும் ஒண்ணா உக்கார ஒரு எடமும் குடுத்து வச்சிருக்காங்க. நம்ம சென்டர்ல அந்த மாதிரி பேட்ச் இருக்கா, எந்த காலேஜோட பேசி வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். ‘அத நீங்க தான் சார் பாத்துக்கணும், நாங்க கைடன்ஸ் தான்’னு பதில்.

எங்க அப்பத்தா எதையும் படிச்சதில்ல, ‘மதியம் சோறு யாரு கூடடா உக்காந்து திங்கும் அந்தப் புள்ள?’ன்னு மட்டும் கேட்டுச்சு. மொத்த ஸ்லைடுலயும் அதுக்கு பதில் இல்ல.

இப்ப அந்த ரெண்டு ஸ்டாரு. ட்ரையல் க்ளாஸ்னு நாலு சனிக்கிழமை விட்டோம். முதல் வாரம் பாப்பா அந்த மேடத்துட்டயே போய் ‘மிஸ், மைனஸ் நம்பருக்கு ஏன் வர்க்கமூலம் இல்ல?’ன்னு கேட்டுச்சு, ‘அதெல்லாம் லெவல் த்ரீல வரும்மா’ன்னு அனுப்பிட்டாங்க. பக்கத்துல எம்எஸ்சி படிக்கிற ஒரு தம்பி, பார்ட் டைமா கணக்கு எடுக்க வர்றவரு, கேட்டுக்கிட்டே இருந்தாரு போல. சாக்பீஸ எடுத்து தரையிலயே ஒரு கோடு போட்டு, ‘மைனஸ் ஒண்ணால பெருக்குனா அப்டியே அரை சுத்து திரும்புற மாதிரி, சரியா? அப்ப ரெண்டு தடவ பெருக்குனா அரை சுத்து வர்ற மாதிரி ஒரு நம்பர் வேணும்னா அது எவ்வளவு திரும்பணும்?’னு கேட்டாரு. பாப்பா ரொம்ப நேரம் முழிச்சிட்டு ‘கால் சுத்து... ஆனா கோட்ட விட்டு வெளிய போயிருமே சார்’னு சொல்லுச்சு. ‘வெளிய தான் போகணும்’னு சிரிச்சாரு. வண்டியில வர்றப்ப கோரிப்பாளையம் சிக்னல் வரைக்கும் கால் சுத்து கால் சுத்துன்னே பேசிட்டு வந்துச்சு. 48,000ல அந்த தம்பிக்கு எம்புட்டு போகுதோ தெரியல, அவருக்கு கூட்டிக் குடுங்கப்பா.

நாங்க சேக்கல. ஸ்டான்லி பண்ணத வீட்டுலயே பண்ணிப் பாத்தோம், பத்தாவது பப்ளிக் கணக்கு பேப்பர் ஒண்ண டைம் வச்சு குடுத்தோம். தொடர்வரிசை, இயற்கணிதம் எல்லாம் வெளுத்து வாங்கிருச்சு, வடிவியல்ல கம்பஸ வச்சிக்கிட்டு அப்டியே உக்காந்திருச்சு, ஆன்சர விளக்கி எழுதச்சொன்னா ரெண்டு வரிக்கு மேல வரல. தங்க பார்டர்ல இது எதுவுமே இல்ல பாருங்க. கணக்குல மூணு வருஷம் முன்னாடி நிக்கிது, தமிழ்லயும் எழுத்துலயும் ஏழாவது ஏழாவதாவே இருக்குது, அதுக்கு கணக்க மட்டும் முன்னாடி தள்ளுனா போதும். ஸ்கூல்ல பேசி கணக்கு பீரியட்ல மட்டும் ஒன்பதாவதுல உக்கார விட்டிருக்காங்க, மணியடிச்சா அதுபாட்டுக்கு தன் க்ளாஸுக்கு ஓடிருது. அடுத்த வருஷம் எட்டாவதுலேருந்து கணித ஒலிம்பியாட் முதல் கட்டமான ஐஓக்யூஎம் எழுதலாம். என்பிடெல்ங்குற ஆன்லைன் தளத்துல ஐஐடி புரொஃபசருங்க பாடமே சும்மா பாக்கலாம், பரீட்ச எழுதி சர்டிபிகேட் வேணும்னா தான் ஒரு பாடத்துக்கு 1000 ரூவா. ஞாயித்துக்கிழமை நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகத்துக்கு கூட்டிட்டுப் போயிருவேன், அங்க ஏசியும் ஃப்ரீ தான்.

ப்ளஸ் ஒன் முடிச்சப்பறமும் இதே வேகத்துல இருந்துச்சுன்னா சென்னை ஐஐடியோட ஆன்லைன் பிஎஸ் டிகிரிக்கு தகுதித்தேர்வு அப்பவே எழுதலாம், அத அந்த நேரத்துல அதுவே முடிவு பண்ணிக்கட்டும்.

மத்தபடி சென்டர் சுத்தமா இருக்கு, தண்ணி கேன் இருக்கு, பார்க்கிங் கெடையாது. ட்ரையல் க்ளாஸுக்கு வாங்குன 3000 ரூவாய திருப்பித் தர்றேன்னாங்க, இன்னும் வரல, வந்தா இங்கயே எடிட் பண்ணி போடுறேன்.