ஸ்பீக்கரா, ஹெட்போனா, இயர்போனா: காதுக்கு எது தேவலை?

ஆடியோ சாமான் வாங்கப் போகிற நண்பர்கள் என்னிடம் பேஸ் (கீழ் ஸ்தாயி) எப்படி, ட்ரெபிள் (மேல் ஸ்தாயி) எப்படி, எத்தனை வாட்ஸ் என்றெல்லாம் கேட்பார்கள். காதைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். அப்படிக் கேட்டாலும், "ஸ்பீக்கர்னா பிரச்சனை இல்ல, ஹெட்போன்தானே காதைக் கெடுக்கும்?" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பாதி சரி. சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது உட்செவிக்குத் தெரியாது. எவ்வளவு சத்தம், எத்தனை நேரம் என்ற இரண்டை வைத்துத்தான் அது தேய்கிறது. ஆனாலும் சில கருவிகள் நம் கையை வால்யூம் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சில, குறைந்த சத்தத்திலேயே மனதை நிறைத்துவிடும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு, சத்தத்தை அளக்கும் டெசிபலில். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், அனுமதி நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5, 92-இல் இரண்டரை. 95 டெசிபலுக்குப் போனால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான். விபரீதம் என்னவென்றால், இந்த 3 டெசிபல் ஏற்றம் காதுக்கு 'லேசாக் கூட்டியிருக்காங்க' என்கிற அளவில்தான் தெரியும். ரேஷன் அரிசி மாதிரி, வாரத்துக்கு இவ்வளவுதான். அதில் பாட்டு மட்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கேட்ட செண்டை மேளமும் சேர்த்தி.

ரேஷனை மீறினால் என்ன ஆகும் என்பதை நான் சித்தப்பாவிடம் பார்த்தேன். ஊரில் இருபது வருடத்துக்கு மேல் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். கோயில் கொடை, காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே போனாலும் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இப்போது நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, புரிவதில்லை. "சத்தம் வருதுப்பா, என்ன சொல்றேன்னுதான் பிடிபடல" என்பார். அதிக சத்தத்தால் கெடும் காதில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஸ்தாயி. ஸ், ஷ், ஃப் போன்ற ஒலிகளைத் தெளிவாக்குவது அந்தப் பகுதிதான். உயிரெழுத்து கேட்கும், மெய் நழுவிவிடும். 'பஸ்' என்றால் 'ப' மட்டும் போய்ச் சேரும். உட்செவியில் இருக்கும் மயிர்ச்செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும். கொடுத்து வைத்தவை.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம். அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 1 வாட் கொடுத்தாலே 1 மீட்டர் தூரத்தில் 85 முதல் 88 டெசிபல் வரை தரும். வீட்டில் உட்கார்ந்து கேட்க அதுவே தாராளம். அப்புறம் ஸ்பீக்கரை ஓட்ட 100 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எதற்கு? தவில் அடி மாதிரித் திடீரென எழும் ஒலியைப் பிசிறில்லாமல் தருவதற்கு. 10 டெசிபல் கூட்ட வேண்டுமானால் பத்து மடங்கு வாட் தேவை. (ஒரு காலத்தில் '1200 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று, கண நேர உச்ச சக்தி எனச் சொல்லும் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளை விற்றார்கள். அதற்குக் கொடுத்த அடாப்டரால் 20 வாட்கூடத் தர முடியாது.)

ஸ்பீக்கருக்கு இருக்கிற பெரிய பாதுகாப்பு கீழ்வீட்டு மாமி. "தம்பி, குழந்தை இப்பத்தான் தூங்குச்சு" என்று கதவைத் தட்டிவிடுவார். சட்டமும் அவர் பக்கம்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ஹெட்போன் போட்டவரின் கதவை யாரும் தட்டப்போவதில்லை.

ஆனால் ஸ்பீக்கரும் கையை இழுக்கும், இரண்டு காரணங்களால். ஒன்று, மின்விசிறி. என் அறையில் ஃபேன் ஐந்தில் ஓடும்போது ஃபோன் ஆப் 54 டெசிபல் காட்டியது, இரண்டில் வைத்தால் 43. ஃபோன் மைக்கை ஆய்வகக் கருவி போல நம்பக்கூடாது, வித்தியாசத்தைப் பார்க்க மட்டும் போதும். பாட்டின் மெல்லிய இடங்கள் ஃபேன் காற்றில் கரைந்துபோவதால் நாம் மொத்தத்தையும் ஏற்றுகிறோம். இரண்டாவது, குறைந்த சத்தத்தில் பேஸ் செத்துவிடும். அது ஸ்பீக்கரின் குறை இல்லை, காதின் குணம். சத்தம் குறையக் குறைய நம் காது கீழ் ஸ்தாயியை அதிகமாகத் தவறவிடுகிறது என்று பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வெளியிட்டார்கள். பழைய ஆம்ப்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருக்குமே, அது இதற்காகத்தான். ஆடியோ பிரியர்கள் பலர் அதைத் தொடுவதே பாவம் என்பார்கள். நான் இரவில் அதைப் போட்டுவிட்டு வால்யூமைக் குறைக்கிறேன்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஸ்பீக்கருக்கும் எனக்கும் நடுவே மூன்றரை மீட்டர் இருந்தது. நாற்காலியை ஒன்றரை மீட்டருக்கு இழுத்துப் போட்டேன். கிட்டே போனால் காதுக்கு வரும் சத்தம் கூடும், உண்மைதான். ஆனால் சுவரில் பட்டு வரும் குழப்பம் குறைந்து நேரடி ஒலி தெளிவாக வந்ததால், முன்பைவிடக் குறைந்த சத்தமே போதுமென்று தோன்றியது. நான் பைசா செலவில்லாமல் செய்த மேம்பாடு இது ஒன்றுதான்.

சவுண்ட்பாரும் ஹோம் தியேட்டரும் வேறு ரகம். இங்கே கையை இழுப்பது வசனம். சினிமா அரங்கின் தர அளவு சராசரி 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 105 வரை, பேஸ் தடம் 115 வரை எழும்பலாம். அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தால், நாயகன் கிசுகிசுக்கும்போது வால்யூமை ஏற்றுவோம், அடுத்த நொடி கார் வெடிக்கும்போது ரிமோட்டைத் தேடுவோம். அந்த வெடிகளின் மொத்த நேரம் குறைவு என்பதால் வாரக் கணக்கு அவ்வளவு மோசமாகாது. ஆனால் தினமும் ஒரு படம் பார்ப்பவர் யோசிக்க வேண்டும். 5.1 செட்டில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி) வசனம் பெரும்பாலும் வரும் நடு ஸ்பீக்கரை மட்டும் 3, 4 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். சவுண்ட்பாரில் 'நைட் மோடு' இருந்தால் அது வெடியை அடக்கி வசனத்தைத் தூக்கும். இந்த இரண்டும் இல்லாத சவுண்ட்பாரை, அது எவ்வளவு அதிர்ந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

அடுத்து ஹெட்போன். காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடாமல் இருக்கும் திறந்த முதுகு வகையில் கேட்பவர்கள் அதன் விசாலத்தைப் புகழ்வார்கள், நியாயம்தான். அதில் வெளிச்சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும். ராத்திரி பதினொன்றுக்கு ஃபேனைக் குறைத்துவிட்டுக் கேட்டால் அதற்கு இணை கிடையாது. பகலில் அடுப்படியில் குக்கர், தெருவில் ஹாரன் என்று இருக்கும் வீட்டில் அதுவே மோசமான தேர்வு. மூடிய வகை கொஞ்சம் தேவலை.

இரைச்சல் நீக்கும் ஹெட்போனைப் பற்றி முதலில் எனக்கு ஏளனம் இருந்தது. விமானத்தில் போகிறவர்களுக்கான ஆடம்பரம் என்று நினைத்தேன். அந்த யோசனையே பிறந்தது விமானத்தில்தான். 1978-இல் ஜூரிக்கிலிருந்து திரும்பும்போது என்ஜின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் எரிச்சலான அமர் போஸ் ('போஸ்' ஆடியோ நிறுவனத்தை நிறுவியவர்), அந்தப் பயணத்திலேயே அடிப்படைக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன் அவர். இது நன்றாக அடக்குவது கீழ் ஸ்தாயியில் ஒரே சீராக வரும் சத்தத்தை: என்ஜின், ஏ.சி., பிறகு நம் மின்விசிறி! மிக்சியின் அலறலும் பேச்சும் அவ்வளவாக அடங்காது. ஃபேன் ஓடும் அறையில் இதைப் போட்டபோது, பழைய ஹெட்போனில் வைக்கும் இடத்துக்கு வெகு கீழேயே என் வால்யூம் நின்றது. பாட்டின் தரத்தில் அதே விலைக்குத் திறந்த முதுகுதான் ஒரு படி மேல். காதுக்கு இதுதான் மேல். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், சத்தமான வீட்டில் நான் இதைச் சொல்வேன். அழைப்பு மணியும் குக்கர் விசிலும் கேட்காமல் போகும் என்பதை மட்டும் வீட்டில் சொல்லிவைக்க வேண்டும்.

இயர்போனில் பயப்பட வேண்டியது அதன் சிக்கனம். ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லிவாட் கொடுத்தாலே பல இயர்போன்கள் காதுக்குள் 100 டெசிபலைத் தொட்டுவிடும். ரப்பர் முனை காதுத் துளையைச் சரியாக அடைத்தால் வெளிச்சத்தம் நன்றாகக் குறையும், பேஸும் முழுதாக வரும், வால்யூம் தேவைப்படாது. முனை சிறியதாகப் போனால் எல்லாம் தலைகீழ். ஆனால் பெட்டியில் வரும் மூன்று அளவு முனைகளைப் போட்டுப் பார்ப்பவர் யார்? நான் இரண்டு வருடம் நடு அளவிலேயே இருந்தேன். பெரியதை மாட்டிய அன்றுதான் அந்த இயர்போனில் பேஸ் இருப்பதே தெரிந்தது. மண்டை எலும்பை அதிரவைத்து ஒலியைக் கடத்தும் 'எலும்பு வழி' கருவிகள் காதை அடைப்பதில்லை, ஆகவே பாதுகாப்பு என்று விற்கிறார்கள். ஒலி போய்ச் சேர்வது அதே உட்செவிக்குத்தான். துளை திறந்திருப்பதால் வெளிச்சத்தத்தோடு போட்டி போட்டு ஏற்ற வேண்டியும் வரும்.

கடையில் ஒப்பிடும்போது ஒரு சங்கதி. இரண்டில் எது ஒரு டெசிபல் சத்தமாக இருக்கிறதோ அதுதான் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். விற்பவர் விலை கூடிய பெட்டியைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக் காட்டினால் நாம் ஏமாறுவோம். சமமாக வைத்துக் கேளுங்கள், முடிந்தால் குறைவாக வைத்தும் கேளுங்கள். குறைவான சத்தத்தில் எதில் பாட்டு வரிகள் விளங்குகிறதோ, அதைத்தான் பின்னாளில் குறைவாக வைத்துக் கேட்பீர்கள்.

குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இன்னும் கீழே, 75 டெசிபல். குழந்தைகளுக்கானவை என்று விற்கும் பல ஹெட்போன்களில் 85-இல்தான் தடை. ஐஃபோனில் ஹெட்போன் சத்தத்தின் உச்சவரம்பை 75 டெசிபல் வரை இறக்கி வைக்க செட்டிங்கில் இடம் இருக்கிறது. எந்த ஃபோனானாலும் நான் செய்வது ஒன்றுதான்: அமைதியான நேரத்தில் வால்யூமை வைத்துவிட்டு, பிறகு வீட்டில் சத்தம் கூடினால் அதைத் தொடுவதில்லை. கேட்கவில்லை என்றால் பாட்டை நிறுத்திவிட்டு அப்புறம் கேட்பேன். கேட்டு முடித்ததும் காது அடைத்த மாதிரி இருந்தாலோ, 'ஙொய்' என்று இரைந்தாலோ அன்று அதிகம் என்று அர்த்தம். காலையில் சரியாகிவிட்டது என்பதற்காகக் கணக்கில் சேராமல் போகாது.

போன பொங்கலுக்குச் சித்தப்பா வந்திருந்தபோது வழக்கம்போல டிவி வால்யூமை 60-க்கு ஏற்றினார். நான் 28-க்கு இறக்கி, நடு ஸ்பீக்கரை மட்டும் 4 டெசிபல் தூக்கி, வசன எழுத்துகளையும் போட்டுவிட்டேன். முறைத்தார். அரை மணி நேரம் கழித்து ஒரு காமெடிக்கு எங்களோடு சேர்ந்தே சிரித்தார்.