ஆரவ், நீரவ், அநிருத்: எதை வைக்கலாம்?

பெயர்ப் பட்டியல்களில் ஆரவ் என்பதற்கு எதிரே பெரும்பாலும் 'அமைதியானவன்' என்று போட்டிருக்கும். சமஸ்கிருத அகராதியைப் பிரித்தால் கதை நேர்மாறு. 'ரவ' என்றால் ஒலி. 'ஆரவ' என்றால் சத்தம், கூச்சல், முழக்கம். பிறந்த குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

அமைதிதான் வேண்டுமென்றால் நீரவ் இருக்கிறது. நிர் + ரவ: இரண்டு ரகரத்தில் ஒன்று மறைந்து, முன்னால் உள்ள 'நி' நீண்டு 'நீரவ' ஆகிறது. ஓசையற்றவன். ஆக, ஆரவுக்குப் பட்டியல் எழுதிவைத்த பொருள் உண்மையில் நீரவுக்குச் சொந்தம்.

அப்புறம் ஏன் எல்லோரும் ஆரவ் பக்கமே சாய்கிறார்கள்? அர்த்தம் பார்த்தல்ல, ஓசை பார்த்து என்றே நினைக்கிறேன். எடுத்ததும் வாய் நிறைய ஒரு 'ஆ'. கொஞ்சவும் வரும், அதட்டவும் வரும். நீரவ் என்றால் தமிழ்க் காதுக்குத் தண்ணீர்தான் முதலில் கேட்கும். ஆயுள் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை கடைசியில் நிற்கும் 'வ்'. தொல்காப்பியக் கணக்குப்படி வகர மெய்யில் முடியும் சொற்கள் அவ், இவ், உவ், தெவ் என நான்கே. அதனால் பாட்டி கூப்பிடும்போது பையன் 'ஆரவு' ஆகிவிடுவான். மாதவ, கேசவ என்பவற்றை நாம் மாதவன், கேசவன் என்று நம் வாய்க்கு ஏற்றபடி மாற்றித்தான் வாங்கினோம். ஆரவன் என்று வைக்க மட்டும் ஏனோ யாருக்கும் மனம் வருவதில்லை.

அநிருத்துக்கு அந்தக் கவலை இல்லை. அநிருத்தன் என்ற வடிவம் தமிழில் பழகியதுதான். பொருள், தடுக்க முடியாதவன். கண்ணனின் பேரன், பிரத்யும்னனின் மகன். உஷையைக் காதலித்ததற்காக அவள் அப்பா பாணாசுரன் இவனை நாகபாசத்தால் கட்டிப்போட்டான். தாத்தா படையோடு வந்துதான் மீட்டார். தடுக்க முடியாதவன் கட்டுண்டு கிடந்த கதை! பெயருக்குப் பின்னால் இப்படி ஒன்று இருந்தால், பையன் கேட்கும்போது சொல்ல ஏதாவது இருக்கும். மற்ற இரண்டும் வெறும் சொற்கள்.

என் ஓட்டு அநிருத்தனுக்கே. சரி, அனிருத்தா அநிருத்தா என்பதை மட்டும் பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.