முதல் நாளே குவார்ட்டர் கணக்கைக் கேட்கிறார்களா? காணொளி மனநல ஆலோசனைச் சேவைகள்: ஒரு மதிப்புரை

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தமிழில் காணொளி ஆலோசனை தரும் கட்டணச் சேவைகள் பல வந்துவிட்டன. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்து ஆட்களுக்கு இது நல்ல வசதி. பஸ் ஏற வேண்டாம், ஊர்க்கண்ணில் பட வேண்டாம். ஆனால் குடிப்பழக்கம் உள்ளவருக்கு இந்தச் சேவை உதவுமா என்பது, குடியைப் பற்றி எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அங்கேதான் பல சேவைகள் கோட்டை விடுகின்றன.

பதிவுப் படிவத்தில் ‘மது: ஆம் / இல்லை / எப்போதாவது’ என்று ஒரு வரி வைப்பார்கள். ‘எப்போதாவது’ என்பதைத் தொட்டதும் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. கொஞ்சம் மேலான சேவைகள் குடிப்பழக்கத்தின் அளவைக் கணிக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் வினாத்தாளைத் தருகின்றன. 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். நல்ல கருவிதான், ஆனால் அதில் ‘ஒரு அளவு’ என்பது 10 கிராம் ஆல்கஹால், அதாவது 42.8 சதவீதச் சரக்கில் 30 மில்லி. நம் ஊரில் ‘ஒண்ணுதான்’ என்றால் ஒரு குவார்ட்டர். 180 மில்லி, அதாவது ஆறு அளவு. இரண்டு பேர் பங்கு போடும் கட்டிங்கே மூன்று அளவு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஏறத்தாழ நாலு.

தினமும் ஒரு குவார்ட்டர் போடுபவர் ‘ஒண்ணு’ என்று எழுதினால் முதல் மூன்று கேள்விகளில் 4 மதிப்பெண்தான் வரும். சரியாகக் கணக்கிட்டால் அதே ஆளுக்கு 10. மூன்றே கேள்வியில் எல்லையைத் தாண்டிவிட்ட ஒருவரை ‘பிரச்சினை இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே ‘கட்டிங்கா, குவார்ட்டரா, ஆஃபா, வாரத்தில் எத்தனை நாள்’ என்று கேட்கத் தெரிந்த ஆலோசகரைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம்.

அடுத்தது தூக்கம். ‘தூக்கம் வரணும்னுதான் சார் போடுறேன்’ என்பது பொய்யில்லை. சரக்கு சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். இரண்டு மூன்று மணிக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்து விழிப்பு வரும். குடியைக் கேட்காத ஆலோசகர் இதைப் பதற்றநோய் என்றே எழுதிக்கொண்டு, வாரக்கணக்கில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பார். நல்ல சேவையில் குடித்த நேரம், அளவு, விழித்த நேரம் என மூன்று கட்டம் போட்டுத் தினமும் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். குடி நின்று மூன்று நாலு வாரம் கழித்து மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 கேள்விகளை மறுபடி கேட்கிறார்கள். பலருக்குச் சோர்வு அதற்குள்ளேயே கணிசமாகக் குறைந்திருக்கும். குறையாதவருக்கு மனச்சோர்வு தனி நோயாகவே இருக்கிறது என்று தெளிவாகும், சிகிச்சை அதற்கேற்ப மாறும். ‘குடியை விட்டுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்று திருப்பி அனுப்பும் சேவைக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சிகிச்சை.

அதே சமயம், தினசரி நிறையக் குடிப்பவரிடம் ‘இன்னிக்கே நிறுத்திடுங்க’ என்று திரையில் சொல்வது ஆபத்து. கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்தே கைநடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம், அது உயிரையே எடுக்கும். காலையில் கை நடுங்குகிறதா, ஊற்றினால்தான் நிற்கிறதா, முன்பு நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்ததா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் அனுப்ப வேண்டும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகரிடம் உங்கள் ஊர், தெரு, உறவினர் ஒருவரின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஏதாவது ஆனால் 108-க்கு அவர் சொல்ல வேண்டியது அதைத்தான்.

நேரத்தையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். மாலை ஏழு மணிதான் எளிதில் கிடைக்கும், ஆனால் டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. போதையில் பேசிய அமர்வு மறுநாள் நினைவில் நிற்காது. காலை பத்து, பதினொன்று சரி. நடவு, அறுப்பு நாட்களில் அது ஒழியாவிட்டால் ஞாயிறு காலை கேளுங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேசினால், அம்மாவோ மனைவியோ பக்கத்தில் வந்ததும் குவார்ட்டர் கட்டிங்காகிவிடும். இயர்போன் போட்டுக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் சாட்டில் தட்டலாம், கேமராவில் விரலைக் காட்டலாம். இதை ஆலோசகரே முன்வந்து சொன்னால், அவர் நம் வீடுகளை அறிந்தவர்.

குடிக்கத் தூண்டும் சூழல்களுக்குச் செயலிகள் தரும் பட்டியலில் ஆபீஸ் டென்ஷனும் பார்ட்டியும்தான் இருக்கும். இங்கே கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறும் நாள், சனிக்கிழமைக் கூலி, கெடா வெட்டு, துக்க வீடு. பட்டியலை நம் ஊருக்கு மாற்றி எழுத விடுகிறார்களா என்று பாருங்கள்.

மருந்து விஷயத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. குடிக்கிற அன்றைக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தாங்களாகவே விட்டுவிடுவது ஒன்று. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை வீட்டார் சாம்பாரில் கலந்து தெரியாமல் கொடுப்பது இன்னொன்று. அதன்மேல் குடித்தால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும். குடும்பத்தாரோடு ஒரு அமர்வு வைத்து இதைச் சொல்லாத சேவைக்கு எங்கள் மதிப்பெண் பாதிதான்.

கட்டணம் முடியாதவர்களுக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446.

இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: அக்டோபர் 2, ஜனவரி 26 போலக் கடை மூடும் நாளுக்கு முந்தின நாள் கூப்பிட்டு விசாரிப்பார்களா? தினமும் குடிப்பவருக்குத் திடீரென்று கிடைக்காமல் போனால் நடுக்கமும் வலிப்பும் அன்றோ மறுநாளோ வரலாம்.